கோடை வன்னி: தண்ணி வத்தின குளங்களைப் பாக்கப் போன கதை

வெள்ளி, மாங்குளம்

ஆவணி வெயிலுக்க வன்னிக்குப் போறன் எண்டோண்ண வீட்டில எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், உனக்கென்ன விசரோ எண்டு. என்ன செய்யிறது, மார்கழியில குளமெல்லாம் நிரம்பி வான் பாயேக்க வந்து நிண்டு பாக்க எனக்கும் ஆசைதான், ஆனா கட்டாரில வேலை செய்யிறவனுக்கு அவன்ர ஆசைப்படி லீவு தர ஒருத்தரும் இல்லை. சரி, கோடையிலதானே வாறம், கோடையையே பாப்பம் எண்டு முடிவெடுத்தன். குளம் வத்தினாப் பிறகு அதுக்க இருந்த சீவனெல்லாம் எங்க போகுது? சின்னனில இருந்தே மண்டைக்க கிடக்கிற கேள்வி, ஒருத்தரும் வடிவா விளங்கப்படுத்தேல்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. அங்க கனகாலமாப் பாலைவனத்தைப் பாத்துப் பழகீட்டன். லீவு நாளில பெடியள் சேர்ந்து பிக்கப்பில உள்ளுக்குப் போவம், ஒட்டகம் பாத்திருக்கிறன், அரபியள் தப் எண்டு சொல்லுற முள்ளுவால் ஓணான் பாத்திருக்கிறன், வேலி அடைச்சு வளக்கிற ஒரிக்ஸ் மானும் பாத்திருக்கிறன் (கட்டார் எயார்வேய்ஸ் பிளேன் வாலில கீறியிருக்கிற அந்தக் கொம்புக்காரர்தான்). அதுகள் சூட்டை எப்பிடிச் சமாளிக்குது எண்டு தேடித்தேடி வாசிச்ச ஆள் நான், சொந்த மண்ணில கோடைக்கு உடும்பு என்ன செய்யுது எண்டு கேட்டா முழிக்கிறன். அது சரியில்லைத்தானே.

முதல்லயே ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன், வன்னி பாலைவனம் இல்லை. கோடையில இஞ்ச வந்து போற எல்லாரும் "அப்பிடியே பாலைவனம்" எண்டு எழுதுவினம், அது சும்மா கதை. தோகாவில வருசம் முழுக்கப் பெய்யிற மழை 100 மில்லிமீற்றருக்கும் குறைவு, வன்னிக்கு 1200, 1500 எண்டு கொட்டுது. என்ன கரைச்சல் எண்டா அதில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து தை வரைக்கும் ஒரேயடியா வந்து ஊத்திப்போட்டுப் போயிடும், பிறகு வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் சோளகக் காத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே அடிக்கும். அந்தக் கொஞ்ச மாசத்துக்குக் குளத்தடியில கிடக்கிற ஒரு தவளைக்கு இது பாலைவனம்தான், வருசக் கணக்கைப் பாத்து அது என்ன செய்யப்போகுது?

மாங்குளம் சந்தியில பஸ்ஸால இறங்கேக்க உச்சி வெயில், ஏ9 ரோட்டுத் தார் பளபளக்குது. கடை வாசலில நாயள் எல்லாம் காலை நீட்டிக்கொண்டு சீமெந்து நிலத்தில வயித்தை ஒட்டிக் கிடக்குது. கட்டாரில 2021 இல ஒரு சட்டம் கொண்டு வந்தவங்கள், ஜூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரைக்கும் காலமை 10 மணியில இருந்து பின்னேரம் 3.30 மட்டும் வெயிலுக்க வெளிவேலை செய்யக்கூடாது எண்டு. மனுசருக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிக் கிடக்கு, பாலைவனத்து மிருகங்கள் இந்த நேரசூசியை எப்பவோ எடுத்திட்டுதுகள். ஒட்டகத்தைத் தவிர அங்க பகலில கண்ணுக்குத் தெரியிறது குறைவு, எலி, பாம்பு, நரி, தேள் எல்லாம் பொந்துக்க, இரவுதான் வெளிய. ஒரே ஒரு ஆள் மட்டும் எதிர்மாறு, சகாராவில இருக்கிற வெள்ளி எறும்பு. ஓணானெல்லாம் சூடு தாங்காமல் ஒளிக்கிற உச்சி நேரமாப் பாத்து அது வெளிய வரும், சூட்டில செத்துக் கிடக்கிற பூச்சியளைப் பொறுக்கிக்கொண்டு கொஞ்ச நிமிசத்தில திரும்ப ஓடிப்போயிடும். உடம்பு 50 பாகைக்கு மேல சுட்டாலும் தாங்குமாம். மேல இருக்கிற மினுங்கல் மயிர் முக்கோண வடிவத்தில இருக்கிறதால வெயிலைத் தெறிக்க வைக்குது எண்டு கண்டுபிடிச்சிருக்கினம்.

சித்தி வீட்ட வந்து முகம் கழுவப் பாத்ரூமுக்குள்ள போனா யன்னல் மூலையில தேரை, சுவரில ஒட்டுற மரத்தவளை. காலை மடக்கி வயித்துக்க வச்சு, கண்ணை மூடி, சுவரின்ர நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கு. சித்தியிட்டச் சொன்னா, "அது எப்பவும் உதுக்கதான் தம்பி, கலைச்சாலும் பின்னேரம் வந்திடும், விடு" எண்டுறா. பாத்ரூமைத் தவிர வீட்டில ஈரமான இடம் வேற இல்லைத்தானே, அதைக் கண்டுபிடிச்சு வந்து குடியிருக்கு. அதுமட்டும் இல்லை. இந்தத் தேரை தோலில இருந்து ஒரு கொழுப்புத் தன்மையான நீரைச் சுரந்து, முன்னங்காலாலயும் பின்னங்காலாலயும் உடம்பு முழுக்கத் தேய்ச்சு விடும், அது காய்ஞ்சு ஈரம் வெளிய போகாமல் மறிக்கும். சாதாரணத் தவளையின்ர தோல் ஈரத் துணி போல, வெயிலில வச்சா காய்ஞ்சு செத்திடும், இவர் கிறீம் பூசிக்கொண்டு இருக்கிறார். காலை மடக்கி ஒடுக்கி இருக்கிறதும் அதுக்குத்தான், காத்துப் படுற பக்கம் எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்கு ஈரம் மிச்சம்.

முதல் நாளே ஒரு ஆளைப் பிடிச்சாச்சு, அதுவும் குளிக்கப் போன இடத்தில.


சனி, ஒலுமடுப் பக்கம்

காலமை அஞ்சரைக்கே சித்தப்பா லாண்ட்மாஸ்டரை ஸ்ரார்ட் பண்ணீட்டார். ஒலுமடு தாண்டிக் காட்டுக்கரையோட ஒரு சின்னக் குளம், பேர் போடவேண்டாம் எண்டு சொன்னவர், போட்டா நாளைக்கே வலையோட ஆக்கள் வந்திடுவினமாம். இப்பவும் சில காட்டுப் பக்கங்களில மிதிவெடி வேலை முழுக்க முடியேல்லை, அதால பழகின பாதையை விட்டு ஒரு அடி இறங்க விடேல்லை அவர்.

குளம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. அலைகரை முழுக்க மண் பாளம் பாளமா வெடிச்சு, வெடிப்புக்குள்ள கை முழங்கை மட்டும் போகுது. நடுவில மட்டும் ஒரு மடு, அதுக்க கலங்கின தண்ணி, அதைச் சுத்திக் கொக்கு, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை, ரெண்டு மூண்டு கூழைக்கடா எண்டு ஒரே சனநெரிசல். பறவையளுக்கு வறட்சி எண்டா சாப்பாட்டுக் காலம், குளம் முழுக்கப் பரந்து கிடந்த மீனெல்லாம் ஒரு சட்டிக்குள்ள வந்து சேர்ந்தாச்சு, எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். நாரையின்ர காலைப் பாத்தா வெள்ளையா ஏதோ பூசின மாதிரி. சித்தப்பா சுண்ணாம்போ எண்டு கேக்கிறார். அது எச்சம். நாரை வேணுமெண்டே தன்ர காலிலேயே எச்சத்தை அடிக்கும், அந்த ஈரம் ஆவியாப் போகேக்க காலில ஓடுற ரத்தம் குளிரும். வேர்க்கிற வசதி பறவைக்கு இல்லை, அதால தொண்டையைப் படபடவெண்டு அடிச்சும் இப்பிடிக் காலை நனைச்சும் சமாளிக்குது. சொன்னோண்ண சித்தப்பா சிரிச்ச சிரிப்புக்கு ரெண்டு கொக்கு எழும்பிப் போட்டுது.

அங்க ஒரு ஐயா வந்தவர், அந்தக் குளத்துக் கமக்கார அமைப்பில கனகாலம் இருந்தவராம், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தோளில மண்வெட்டி. நான் என்ர கேள்வியைக் கேட்டன், தண்ணி வத்த மீனெல்லாம் எங்க போகுது ஐயா? "போறதோ? எங்கையும் போகேல்லை தம்பி, எல்லாம் உதுக்கதான் கிடக்கு, நீர்தான் அதுகளுக்கு மேல ஏறி நிக்கிறீர்." எண்டு சொல்லிப்போட்டு மடுவில இருந்து கொஞ்சம் தள்ளி, மேல் மண் காய்ஞ்சாலும் மிதிக்கேக்க கொஞ்சம் அமத்துற ஒரு இடத்தைப் பாத்து வெட்டத் தொடங்கினார். ஒரு முழத்துக்கு மேல போனோண்ண மண் கறுப்பாச் சகதியா மாறுது, அதுக்குள்ள கையை விட்டு ஒரு விராலை இழுத்தெடுத்தார், முழங்கை நீளம் வரும், உயிரோட! சேறெல்லாம் அப்பிக்கொண்டு வாயைத் திறந்து மூடுது.

விரால் செவுளை மட்டும் நம்பி இருக்கிற மீன் இல்லை. தலைக்குள்ள, செவுளுக்கு மேல, காத்தைச் சுவாசிக்க ஒரு அறை வச்சிருக்கு. தண்ணிக்குள்ளேயே அமத்தி வச்சு மேல வர விடாட்டி அது மூச்சுத் திணறிச் செத்திடும், மீன் தண்ணியில மூழ்கிச் சாகிறது எண்டு சொன்னா ஆர் நம்புவினம். சுங்கானுக்கும் அப்பிடித்தான், முதுகெலும்போட நீளத்துக்கு ரெண்டு காத்துப் பை இருக்கு. பனையேறி இன்னும் மோசம், இருக்கிற குளம் சரிவராது எண்டு கண்டா செவுள் மூடியை ஊண்டி ஊண்டி அடுத்த குளம் தேடித் தரையால நடக்கத் தொடங்கீடும். இந்த மூண்டு மீனும் வன்னிக் குளங்களில நிலைச்சு நிக்கிறதுக்குக் காரணமே இதுதான், வெறும் செவுளோட இருக்கிறதுகள் மடுவில மாட்டிக்கொண்டு கூழைக்கடா வயித்துக்க போகுது.

ஆபிரிக்காவில நுரையீரல் மீன் எண்டு ஒண்டு இருக்கு, குளம் காய சேத்துக்குள்ள இறங்கி, தன்னைச் சுத்திச் சளியால ஒரு கூடு கட்டி, அதுக்க உடம்பின்ர வேலையையெல்லாம் அரைவாசிக்கும் கீழ குறைச்சுக்கொண்டு வருசக் கணக்காக் கூடக் கிடக்கும். அவுஸ்திரேலியாவில ஒரு தவளையும் அப்பிடித்தான், உடம்புக்குள்ள தண்ணியை நிரப்பிக்கொண்டு மண்ணுக்குள்ள கூடு கட்டிக் கிடக்குமாம், அந்த ஊர்ப் பழங்குடிச் சனம் தாகத்துக்கு அதைத் தோண்டி எடுத்துப் பிழிஞ்சு குடிச்சிருக்கினம். விராலிட்ட அந்த அளவுக்கு வசதி இல்லை, கூடு கட்டத் தெரியாது, சேறு ஈரமா இருக்கிற மட்டும்தான் அதுக்கு உயிர். ஐயாவும் அதைத்தான் வேற விதமாச் சொன்னார், "ஐப்பசி பிந்தினா மண்வெட்டிக்கு எலும்புதான் வரும்."

பிறகு இன்னொரு இடத்தில வெட்ட ஒரு பாலாமை அம்பிட்டுது. ஓடு மெத்தெண்டு இருக்கிற ஆமை, காலை உள்ளுக்க இழுத்தோண்ண அடிப்பக்கத்தில இருக்கிற மடல் வந்து பின்னங்காலை மூடுது, கதவு சாத்தினபடி. அதை ஐயா திரும்ப அதே கிடங்குக்க வச்சு மண்ணைத் தள்ளி மூடினார். விரால் பையுக்க போட்டுது, மத்தியானம் சித்தி குழம்பு வச்சவ, அதைப்பற்றி நான் பெருசா ஒண்டும் கவலைப்படேல்லை.

வரேக்க குளக்கட்டில ஒரு பொந்து காட்டினார், வாசலில வால் இழுபட்ட தடம். முதலை. குளம் வத்த அது கட்டுக்க பொந்து தோண்டி உள்ளுக்க கிடக்கும், இல்லாட்டி இரவோட இரவா வேற குளத்துக்கு நடந்து போயிடும். பொந்து எவ்வளவு ஆழம் எண்டு பாக்கிற ஆசை எனக்கு வரேல்லை.


ஞாயிறு, முத்தையன்கட்டு

ஒட்டுசுட்டானில தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டிட்டு முத்தையன்கட்டுப் பக்கம் போனம், சித்தப்பாவின்ர சிநேகிதர் ஒருவருக்கு அங்க தோட்டம், பின்னேரம் காவல் குடிலில இருந்தா யானை பாக்கலாம் எண்டவர். பெரிய குளம், அதால இப்பவும் தண்ணி இருக்கு, சுத்துவட்டாரத்தில சின்னக் குளமெல்லாம் வத்தினதால எல்லாரும் இஞ்சதான்.

போற வழியில பேராற்று மணலில யானை தோண்டின கிடங்கு பாத்தன். மேல முழுக்கக் காய்ஞ்ச மணல், ஆனா அடியில ஊத்து ஓடிக்கொண்டிருக்கு, அது யானைக்குத் தெரியும். காலால கிளறி, தும்பிக்கையால மணலை அள்ளி எறிஞ்சு, ஊறி வாற தண்ணியைப் பொறுமையா உறிஞ்சிக் குடிச்சிட்டுப் போகும். அது போனாப் பிறகு அதே கிடங்கில மான், பண்டி, காட்டுக்கோழி எண்டு எல்லாம் வந்து குடிச்ச அடையாளம், குளம்புத் தடம் ஒண்டுக்கு மேல ஒண்டா.

இருட்டுப் படேக்க வந்திச்சினம். பொம்பிளை யானையள், நடுவில ஒரு குட்டி, சத்தமே இல்லை. குட்டி கால்களுக்கு நடுவில பூந்து பூந்து வருது. காதை ஆட்டுறதைப் பாத்துக்கொண்டே இருக்கலாம். யானைக்கு நகத்தடியைத் தவிர வேற இடத்தில வேர்வைச் சுரப்பி இல்லை, அவ்வளவு பெரிய உடம்பின்ர சூட்டை வெளியேத்த இருக்கிற யன்னல் அந்தக் காதுதான், மெல்லிசான தோலுக்கு அடியில ரத்தக் குழாய் வலை மாதிரிப் பரந்து கிடக்கு, ஆட்ட ஆட்ட ரத்தம் ஆறும். மிச்சத்துக்குச் சேறு. இன்னொரு தந்திரமும் இருக்கு, பகலில உடம்புச் சூட்டைக் கொஞ்சம் ஏற விட்டிட்டு இரவுக் குளிரில அதை இறக்கிறது, தாய்லாந்தில யானையளுக்கு அளந்து பாத்திருக்கினம். ஒட்டகம் செய்யிறதும் இதைத்தான், அது மட்டும் பெரிய அளவில, விடிய 34 பாகையில இருக்கிற உடம்பை மத்தியானம் 40 தாண்ட விடும், அந்த ஆறேழு பாகைக்கு வேர்க்காமலே சமாளிச்சிடும், வேர்க்காட்டித் தண்ணி மிச்சம்தானே.

ஆனா சிக்கனம் எண்டு வந்தா யானை சரியான வீண்செலவுக்காரன். ஒரு நாளைக்கு நூறு லீற்றருக்கு மேல குடிக்கும். ஒரிக்ஸ் மானைப் பாருங்கோ, கிழமைக் கணக்காத் தண்ணி குடியாமல் பனியில நனைஞ்ச செடியைத் திண்டே காலம் தள்ளும், பகலில மர நிழலில மண்ணைக் கிளறிக் குளிர்ந்த மண்ணில வயித்தை வச்சுப் படுக்கும். அரேபியாவில ஒரு சின்ன மான் இனம் வறட்சியில ஈரலையும் இருதயத்தையுமே சுருக்கிப்போடுமாம், அப்ப ஒட்சிசன் தேவை குறையும், மூச்சு விடுறது குறைஞ்சா மூச்சோட போற ஈரமும் குறையும் எண்டு. யானையால உதெல்லாம் ஏலாது. அதிட்ட இருக்கிறது நினைவு. எந்த மாசம் எந்த மடுவில தண்ணி, எந்த ஆத்து மணலில எத்தினை அடியில ஊத்து, எந்தப் பாதையால போனா இரவுக்குள்ள போய்ச் சேரலாம் எண்டு கூட்டத்தில மூத்த பொம்பிளை யானைக்குத் தெரியும், குட்டியள் அவவுக்குப் பின்னால நடந்து பழகுதுகள். அதால மின்சார வேலி போடேக்க அந்த நடைபாதையை நடுவில வெட்டினா யானை அடுத்த தண்ணிக்குப் போக ஏலாமல் தோட்டத்துக்கதான் இறங்கும், பிறகு யானை வெடி, பிறகு ஆக்களும் சாவு யானையும் சாவு. வேலி வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, தோட்டக்கார அண்ணையின்ர வாழை முழுக்கப் போனதையும் அதே பின்னேரம்தான் பாத்தனான். எங்க போடுறது எண்டதை யானை நடக்கிற இடத்தைப் பாத்துத் தீர்மானிச்சா ரெண்டு பகுதிக்கும் நல்லம்.


திங்கள், மாங்குளம்

இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை, வெக்கையில எழும்ப மனமில்லை. மத்தியானம் சாப்பிட்டிட்டு முத்தத்து வேப்ப மரத்துக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்தன்.

பின்னேரம் மட்டும் வீட்டுக்குப் பின்னால இருக்கிற புத்தடிக்குப் போனன். வெளிய மண் கையை வைக்கேலாமல் சுடுது, உள்ளுக்க கறையான் கட்டின அறையள் ஈரமாக் குளிர்ச்சியா இருக்கும், வளர்க்கிற பூஞ்சணத்துக்கு அந்த ஈரம் வேணும். இந்தப் புத்தை மிச்ச ஆக்களும் பாவிக்கினம், பாம்பு வந்து கிடக்கும், உடும்பு சில நேரம் முட்டையையே புத்துக்க இட்டிட்டுப் போயிடும், சூடும் ஈரமும் கறையான் பாத்துக்கொள்ளும். கட்டாரில பாத்த முள்ளுவால் ஓணான் தன்ர பொந்தைத் தானே ஆழமாத் தோண்டும், தண்ணி குடிக்கிறதும் இல்லை, திங்கிற செடியில இருக்கிற ஈரம் போதும், செடியோட உள்ளுக்கு வாற உப்பை மூக்கால வெளியேத்தும், மூக்கடியில வெள்ளையாப் படிஞ்சு கிடக்கிறதைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். ஓணான், பாம்பு, பறவை எல்லாத்துக்கும் பொதுவா இன்னொரு சேமிப்பு, எங்களை மாதிரிச் சலத்தைத் தண்ணியாக் கழிக்காமல் பசை மாதிரி வெள்ளையாக் கழிக்கிறது. பல்லி எச்சத்தில வெள்ளை முனை இருக்கே, அதுதான்.

ஒரு உடும்பையும் காணேல்லை. நுளம்பு மட்டும் என்னைக் கண்டு கடிச்சுது.


செவ்வாய், மன்னார்

சித்தப்பாவின்ர மோட்டச்சைக்கிளை வாங்கிக்கொண்டு மல்லாவி, வெள்ளாங்குளம் போய் ஏ32 இல ஏறி மன்னாருக்கு விட்டன். மன்னார்த் தீவு வன்னியோ எண்டு சிலபேர் சண்டைக்கு வருவினம், தேர்தல் மாவட்டத்தில வன்னிதான், அதுக்கு மேல எனக்குத் தெரியவேண்டாம். விடத்தல்தீவு தாண்ட காடு குறைஞ்சு, உடை மரமும் வெளியும் உப்புக் காத்துமா நிலமே மாறுது. இலங்கையில மழை குறைஞ்ச மூலையளில இதுவும் ஒண்டு.

நான் போனது கழுதை பாக்க. சிரியாதையுங்கோ. இவ்வளவு நாளும் பாத்த சீவனெல்லாம் பாலைவனத்தோட சம்பந்தம் இல்லாததுகள், கழுதை மட்டும்தான் இந்தப் பகுதியில இருக்கிற உண்மையான பாலைவனப் பிள்ளை. அதின்ர மூதாதை வடகிழக்கு ஆபிரிக்காவின்ர கல்லு வெளியில திரிஞ்ச காட்டுக் கழுதை, அரபு வியாபாரியள்தான் கப்பலில கொண்டு வந்தவை எண்டு மன்னாரில எல்லாரும் சொல்லுவினம். பள்ளிமுனையில நிக்கிற பெருக்க மரத்துக்கும் அதே கதைதான், அதுவும் ஆபிரிக்கா, தண்ணியை அடிமரத்துக்குள்ள சேர்த்து வச்சுக்கொண்டு நிக்கிற மரம்.

பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட நடு ரோட்டில ஒரு கூட்டம் நிண்டுது, வாகனம் கோர்ன் அடிச்சாலும் அசையிறேல்லை. கழுதை உடம்பு எடையில 30 வீதம் வரைக்கும் தண்ணியை இழந்தாலும் தாங்கும், மனுசன் அதில அரைவாசிக்கு முன்னமே போய்ச் சேர்ந்திடுவான். பிறகு தண்ணி கிடைச்சா கொஞ்ச நிமிசத்துக்குள்ள இழந்த முழுக்கவும் குடிச்சு முடிக்கும். ஒட்டகமும் அப்பிடித்தான், பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில நூறு லீற்றர். இப்பிடி ஒரேயடியாக் குடிச்சா வேற மிருகத்துக்கு ரத்தச் சிவப்பணு வீங்கி வெடிச்சிடும், ஒட்டகத்தின்ர சிவப்பணு நீள்வட்டமா இருக்கிறதால வீங்க இடம் இருக்கு. திமிலுக்குள்ள தண்ணி எண்டு இன்னும் நம்பிற ஆக்கள் இருந்தா, அது கொழுப்பு, சாப்பாட்டுச் சேமிப்பு. கொழுப்பெல்லாத்தையும் ஒரே இடத்தில முதுகில வச்சிட்டா மிச்ச உடம்பில போர்வை இல்லை, சூடு லேசா வெளிய போகும்.

தேத்தண்ணிக் கடையில இருந்த அண்ணையிட்டக் கேட்டன், இதுகள் கோடைக்குக் கஷ்டப்படுறேல்லையோ? "கோடையோ? கோடைக்கு அதுகள் ராசாக்கள். நீங்கள் மாரியில வந்து பாருங்கோ, மழை தொடங்கினா எல்லாம் கடை விறாந்தையில ஏறி நிண்டு நடுங்கும், வியாபாரம் பண்ண விடாதுகள்." பிளேன்டீயைக் கையில வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிச்சன். உண்மைதான், கழுதையின்ர மயிர் குதிரையின்ரயைப்போல மழைத் தண்ணியை வழுக்கி விடாது, ஊறி உள்ளுக்க போயிடும். வறட்டு நிலத்துக்கு எண்டே அமைஞ்ச உடம்பு, மழை வந்தா ஒதுங்க இடம் தேடுது.

நான் இந்த முறை தேடி வந்ததுக்கு மறுமொழி அந்தக் கடையிலதான் கிடைச்சது. பாலைவனத்து மிருகத்துக்கு ஒரே ஒரு எதிரி, அதோட மட்டும் சண்டை பிடிச்சு அதில விண்ணனா வந்திட்டுது. வன்னியில இருக்கிறதுகளுக்கு ரெண்டு எதிரி, அதுவும் ஒரே வருசத்தில. ஆவணியில மண்ணுக்க மூச்சைப் பிடிச்சுக் கிடக்கிற அதே விரால் கார்த்திகையில வெள்ளத்தில நீந்தி வயலுக்க குஞ்சு காக்கவேணும், அதே பாலாமை, அதே தேரை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில தன் குணம் கெட்டுப்போறபோதுதான் பாலை எண்ட வடிவம் எடுக்கும் எண்டு சிலப்பதிகாரம் சொல்லுது, தனியா ஒரு நிலம் இல்லையாம், அது வன்னியைப் பாத்துச் சொன்னது போலவே இருக்கு. ஒட்டகத்தைப் பாத்து வாயைப் பிளக்கிறவைக்கு நான் இனிமேல் விராலைத்தான் காட்டுவன். திறமை எண்டு பாத்தா ஒட்டகம் ஒரு படி மேலதான், ஆனா ரெண்டு பக்கமும் தாக்குப்பிடிக்கிறது வேற விளையாட்டு.


புதன், மாங்குளம்

நாளைக்கு யாழ்ப்பாணம், பிறகு பிளேன். இரவு சாப்பாட்டுக்கு அந்தக் குளத்து ஐயாவும் வந்தவர், சித்தி இடியப்பமும் சொதியும். முதல் மழைக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டன். முதல்ல தவளையாம். பின்னங்காலில மண்வெட்டி மாதிரி ஒரு கட்டி வச்சிருக்கிற தவளை ஒண்டு பின்பக்கமாவே தோண்டிக்கொண்டு மண்ணுக்க இறங்கிக் கோடை முழுக்கக் கிடக்கும், பெருமழை அடிச்ச அண்டைக்கே வெளிய வந்து அந்த இரவே கத்தி, சோடி சேர்ந்து, முட்டையும் இட்டிடும். தேங்கின தண்ணி வத்த முதல் வால்பேத்தைக்குக் கால் முளைக்க வேணுமெல்லோ, மினக்கெட நேரமில்லை. அதுகளைத் தின்னப் பாம்பு வரும். அதே இரவில பாலாமையளும் குளத்தை விட்டு வெளிக்கிட்டு ரோட்டைக் கடக்குமாம், "விடியப் போய்ப் பாத்தா ரோட்டு முழுக்க நசிஞ்சு கிடக்கும், லொறிக்காரனுக்கு என்ன தெரியும், அவன் கல்லு எண்டு நினைப்பான்" எண்டார்.

அதால, மாங்குளம் - ஒட்டுசுட்டான் ரோட்டால ஐப்பசியில இரவு ஓடுறவை ஆராவது இதை வாசிச்சா, முதல் பெருமழைக்கு அடுத்த ரெண்டு மூண்டு இரவும் குளத்தை ஒட்டி ரோட் போற இடங்களில வேகத்தைக் குறையுங்கோ. நிப்பாட்டித் தூக்கி விடுறதெண்டா அது எந்தப் பக்கம் பாத்துப் போகுதோ அந்தப் பக்கத்திலேயே விடுங்கோ, பிடிக்கேக்க ஓட்டின்ர பின்பக்கமாப் பிடியுங்கோ, கழுத்து நீளம், திரும்பிக் கடிக்கும்.